நெதர்லாந்து உலகத்திடம் எதிர்பார்ப்பது என்ன? வெளியுறவுக் கொள்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வல்லரசுகளின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றித் தினமும் ஏதாவது படித்துவிடுகிறோம். பெரிய படை கிடையாது, சொந்த அணுகுண்டு கிடையாது, வாங்கி விற்பதுதான் பிழைப்பு என்று இருக்கும் ஒரு நாடு உலகத்தோடு எப்படி நடந்துகொள்கிறது? அதைப் பார்க்க நெதர்லாந்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இந்த நாட்டைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும், என் பார்வையில் அவற்றுக்கான பதில்களையும் கீழே தருகிறேன்.

நெதர்லாந்து உண்மையிலேயே சிறிய நாடுதானா?

நிலத்தில் சிறியது. சுமார் 41,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மக்கள்தொகை ஏறத்தாழ 1.8 கோடி. ஆனால் பணத்தில் சிறியது என்று சொல்ல முடியாது. உலகின் முதல் இருபது பொருளாதாரங்களில் அதுவும் ஒன்று. விவசாயப் பொருள் ஏற்றுமதியில், மதிப்பின்படி, பல ஆண்டுகள் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் ராட்டர்டாம். ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கும் மேல் சரக்கு அங்கே ஏறி இறங்குகிறது. 1962 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உலகத்திலேயே பெரிய துறைமுகமாக இருந்தது அதுதான்.

நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால், சரக்கும் சேவையும் சேர்ந்த ஏற்றுமதி 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. சரக்கு ஏற்றுமதியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது மறுஏற்றுமதி. அதாவது வேறெங்கோ செய்த பொருள் ராட்டர்டாமில் இறங்கி, கை மாறி, ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ போகிறது. செங்கடலில் ஒரு கப்பல் தாக்கப்பட்டாலும், வாஷிங்டனில் ஒரு வரி ஏறினாலும், ரைன் ஆற்றில் தண்ணீர் வற்றினாலும் இவர்களுக்கு வலிக்கும். வெளியுறவுக் கொள்கை முழுவதும் இந்த ஒரு நிலைமையிலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

கொள்கையின் நோக்கங்கள் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கின்றனவா?

அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 90ஆம் பிரிவு, சர்வதேச சட்ட ஒழுங்கின் வளர்ச்சியை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. ராணுவம் எதற்கு என்று சொல்லும் 97ஆம் பிரிவில், நாட்டைக் காப்பதோடு சேர்த்து இந்தச் சட்ட ஒழுங்கைப் பேணுவதும் படையின் வேலை என்று இருக்கிறது. 94ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மக்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்த விதிகளோடு உள்நாட்டுச் சட்டம் முரண்பட்டால் ஒப்பந்தமே செல்லும் என்கிறது.

இவ்வளவு வெளிப்படையாகத் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் அரசியலமைப்புகள் உலகத்தில் குறைவு. நடைமுறையில் நோக்கங்கள் நான்கு: பாதுகாப்பு, வளம், சட்ட ஒழுங்கு, மனித உரிமையும் வளர்ச்சியும். ஒவ்வொரு அரசும் இதை வேறு வேறு வார்த்தைகளில், வேறு வேறு வரிசையில் எழுதும். எது முதலில் வருகிறது என்பதில்தான் சண்டை.

வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சட்டத்தின்மேல் ஏன் இவ்வளவு அக்கறை?

பலம் உள்ளவனுக்குச் சட்டம் இல்லாமலும் காரியம் நடக்கும். பலம் இல்லாதவனுக்கு, எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டால்தான் வியாபாரம். இதைப் புரிந்துகொள்ள 1603க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு சிங்கப்பூருக்கு அருகே, யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற டச்சுக் கப்பல் தலைவர் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார். சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. பெரிய தொகை கிடைத்தது. இது கொள்ளையா, நியாயமான பறிமுதலா என்ற கேள்வி எழுந்தபோது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞரை நாடியது. கடல் யாருக்கும் சொந்தமில்லை, அதில் யாரும் போகலாம், வியாபாரத்தைத் தடுக்கப் போர்த்துகீசியருக்கு உரிமையில்லை என்று அவர் வாதிட்டார். அந்த வாதம் 1609இல் அச்சில் வந்தது. இன்று சர்வதேச சட்டத்தின் தந்தைகளில் ஒருவராக அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆரம்பம் என்னவோ பிடித்துவந்த சரக்கை நியாயப்படுத்தத்தான்.

அதே காலத்து இன்னொரு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆன்ட்வெர்ப் நகரத்துக்குக் கடலிலிருந்து போகும் வழி ஷெல்ட் ஆறு. அதன் முகத்துவாரம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1585க்குப் பிறகு அதை அவர்கள் அடைத்தார்கள். 1648 சமாதான உடன்படிக்கை அந்த அடைப்பை உறுதிசெய்தது. ஆன்ட்வெர்ப் சரிந்தது, ஆம்ஸ்டர்டாம் எழுந்தது. ஷெல்ட் ஆற்றில் சுங்கம் வாங்கும் உரிமையை 1863இல் பெல்ஜியம் விலை கொடுத்துத் தீர்த்த பிறகுதான் அந்த விவகாரம் முடிந்தது. கடல் எல்லோருக்கும் பொது, ஆறு மட்டும் எங்களுடையது!

ரைன் ஆறு இதற்கு நேர் எதிர். அதன் மேல்பகுதி ஜெர்மானியர்கள் கையில். அங்கே எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்பது டச்சுக்காரர்களுக்கே லாபம். 1815 வியன்னா மாநாட்டில் உருவான ரைன் போக்குவரத்து ஆணையம் இன்றும் இயங்குகிறது. உலகில் இன்றுவரை இருக்கும் சர்வதேச அமைப்புகளில் மிகப் பழையது அதுதான் என்பார்கள். சட்டத்தின்மேல் அவர்களுக்குள்ள பற்று பொய் என்று நான் சொல்லவில்லை. பற்றும் லாபமும் ஒரே பக்கம் நிற்கும்போது அது மிக உறுதியாக இருக்கும். அவ்வளவுதான்.

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டியவர்கள் இவர்கள்தானே?

ஆமாம், அதே டச்சுக்காரர்கள், நம் ஊர்ப் பழைய பேச்சில் ஒல்லாந்தர். பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை 1613இல் எழுந்தது. நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் பிடித்தார்கள். சோழமண்டலக் கரையின் துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, அங்கிருந்து வாசனைப் பொருள் எடுப்பது அவர்கள் வழி. துணியோடு மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கடல் சுதந்திரம் பேசிய அதே கம்பெனி, ஜாதிக்காய் வியாபாரம் தன் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக 1621இல் பண்டா தீவு மக்களை அழித்ததையும் மறக்கக் கூடாது.

இலங்கையில் அவர்கள் சுவடு சட்டத்திலும் உண்டு. ரோம-டச்சுச் சட்டம் அங்கே இன்றும் பொதுச் சட்டத்தின் அடித்தளம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை 1707இல் தொகுத்து எழுதவைத்ததும் டச்சு நிர்வாகம்தான்.

இந்த வரலாறு இன்றைய வெளியுறவில் மன்னிப்பாக வந்து நிற்கிறது. இந்தோனேசிய விடுதலைப் போரின்போது செய்த வன்முறைக்காக 2020இல் அரசரும் 2022இல் பிரதமர் மார்க் ருட்டேயும் மன்னிப்புக் கேட்டார்கள். அடிமை வியாபாரத்துக்காக ருட்டே 2022 டிசம்பரிலும், அரசர் 2023 ஜூலை 1 அன்றும் கேட்டார்கள். தாமதம்தான். ஆனாலும் கேட்காத நாடுகளின் பட்டியல் நீளம்.

முன்பு நடுநிலை நாடாக இருந்தவர்கள் ஏன் நேட்டோவில் சேர்ந்தார்கள்?

முதல் உலகப் போரில் நடுநிலை பலித்தது. இரண்டாவதில் பலிக்கவில்லை. 1940 மே 10 அன்று ஜெர்மனி படையெடுத்தது. 14ஆம் தேதி ராட்டர்டாம் நகரத்தின் நடுப்பகுதி குண்டுவீச்சில் எரிந்தது. ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு நடுநிலை பேசியவர்களை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. 1949இல் நேட்டோ தொடங்கியபோதே உறுப்பினர்.

அன்று தொடங்கிய அமெரிக்கச் சார்பு இன்றும் நீடிக்கிறது. காரணம் எளிது. பக்கத்து வீட்டுப் பெரியவனைவிடத் தூரத்துப் பெரியவன் பரவாயில்லை. ஜெர்மனியும் பிரான்ஸும் சேர்ந்து ஐரோப்பாவை நடத்தினால் சின்ன நாடுகளின் குரல் எடுபடாது. அமெரிக்கா மேசையில் இருந்தால் எல்லோரும் கொஞ்சம் அடங்கி இருப்பார்கள். 1956 முதல் 1971 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த யோசெஃப் லூன்ஸ் இந்தக் கணக்கின் உருவம். நேட்டோவின் தலைமைச் செயலாளர் பதவியில் இதுவரை நான்கு டச்சுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்: ஸ்டிக்கர், லூன்ஸ், டி ஹோப் ஸ்கெஃபர், 2024 அக்டோபர் முதல் ருட்டே. வேறு எந்த நாட்டுக்கும் இத்தனை முறை கிடைக்கவில்லை.

அமெரிக்க நட்பு வலித்த நேரமும் உண்டு. 1949இல் இந்தோனேசியாவை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்ததில், போருக்குப் பிந்தைய உதவிப் பணத்தைக் காட்டி அமெரிக்கா கொடுத்த அழுத்தம் முக்கியப் பங்கு வகித்தது. 2025 ஜூனில், டச்சு அரசு இயங்கும் தி ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டில், பாதுகாப்பும் அதைச் சார்ந்த செலவுகளும் சேர்ந்து 2035க்குள் உற்பத்தியில் 5 சதவீதம் என்று உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. பனிப்போர் முடிந்ததும் ராணுவச் செலவை வெட்டிய நாடுகளில் நெதர்லாந்து முன்வரிசையில் இருந்தது. 2011இல் தன் டாங்கிப் படையையே கலைக்க முடிவெடுத்த நாடு இது. இப்போது மறுபடி வாங்குகிறார்கள்.

வர்த்தகக் கொள்கையை ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுத்துவிட்ட பிறகு சொந்தமாக என்ன மிச்சம்?

சுங்க வரி எவ்வளவு, யாரோடு வர்த்தக ஒப்பந்தம் என்பதெல்லாம் பிரஸ்ஸல்ஸில்தான் முடிவாகிறது. இதில் நெதர்லாந்துக்கு வருத்தம் இல்லை. பொதுச் சந்தை என்ற யோசனையை முன்வைத்ததே அவர்கள்தான். 1944இல், நாடு இன்னும் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோதே, லண்டனில் உட்கார்ந்து பெல்ஜியம், லக்சம்பர்க் நாடுகளோடு சுங்க ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிறகு வெளியுறவு அமைச்சர் யான் வில்லெம் பேயன், ஐரோப்பா முழுவதற்கும் பொதுச் சந்தை வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். 1955 மெசினா கூட்டம் அதைத் தொட்டுப் பேசியது. 1957 ரோம் ஒப்பந்தத்தில் அது நிறைவேறியது.

ஆனால் எல்லை எதுவரை என்பதில் அவர்கள் கறார். சந்தை வேண்டும், பிரெஞ்சுத் தலைமை வேண்டாம். பிரெஞ்சு அதிபர் டி கால் 1960களின் தொடக்கத்தில் அரசியல் ஒன்றியம் பேசியபோது, பிரிட்டன் உள்ளே வராமல் அது நடக்காது என்று லூன்ஸும் பெல்ஜியமும் முட்டுக்கட்டை போட்டார்கள். பிரிட்டன் 1973இல் வந்தது, 2020இல் போனது. அது போனதில் ஐரோப்பாவுக்குள் அதிகம் இழந்தவர்களில் நெதர்லாந்தும் ஒன்று: தடையற்ற வர்த்தகம், சிக்கனம், அமெரிக்க நட்பு எல்லாவற்றிலும் ஒத்துப்போன கூட்டாளி காணாமல் போனது. பிறகு ஆஸ்திரியா, டென்மார்க், சுவீடன் நாடுகளோடு சேர்ந்து 'சிக்கன நால்வர்' அணி என்று 2020இல் கோவிட் நிதிப் பேச்சில் நின்றார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அவர்கள் பெயர் அந்தக் கோடையில் நன்றாகவே கெட்டது.

மக்களும் எப்போதும் அரசோடு ஒத்துப்போவதில்லை. ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை 2005 வாக்கெடுப்பில் 61 சதவீதத்துக்கும் மேலானவர்கள் நிராகரித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனோடு போட்ட ஒப்பந்தத்துக்கும் 2016இல் அதே கதி. சரி, அரசு என்ன செய்தது? ஒரு விளக்க அறிக்கையைச் சேர்த்துக்கொண்டு உக்ரைன் ஒப்பந்தத்தை ஏற்றது. அப்புறம் 2018இல் வாக்கெடுப்புச் சட்டத்தையே ரத்து செய்தது.

இத்தனை சர்வதேச நீதிமன்றங்கள் தி ஹேக்கில் ஏன்?

1899இலும் 1907இலும் அங்கே சமாதான மாநாடுகள் நடந்தன. முதல் மாநாட்டில் நிரந்தர நடுவர் மன்றம் உருவானது. அதற்கான சமாதான மாளிகையை ஆண்ட்ரூ கார்னெகி கொடுத்த 15 லட்சம் டாலரில் கட்டி 1913இல் திறந்தார்கள்; அடுத்த ஆண்டே உலகப் போர். ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம், 2002 முதல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், ரசாயன ஆயுதத் தடை அமைப்பு, ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. உக்ரைன் போர்ச் சேதங்களின் பதிவேடும் 2023 முதல் அங்கேதான். பெரிய படை இல்லாத நாட்டுக்கு இது ஒரு செல்வாக்கு. வழக்கறிஞர்களுக்கும் ஹோட்டல்களுக்கும் நல்ல வருமானமும்கூட.

இதில் ஒரு வினோதம் உண்டு. குற்றவியல் நீதிமன்றம் அமெரிக்கர் யாரையாவது பிடித்து வைத்தால் அவரை விடுவிக்கத் தேவையான எதையும் செய்ய அதிபருக்கு அனுமதி கொடுக்கும் சட்டம் ஒன்றை அமெரிக்கா 2002இல் இயற்றியது. கிண்டலாக அதை 'ஹேக் படையெடுப்புச் சட்டம்' என்பார்கள். உயிர்த் தோழன் தன் நாட்டுக்கு எதிராக இப்படி ஒரு சட்டத்தை வைத்திருக்க, அவனோடு ஒரே ராணுவக் கூட்டணியில் இருப்பவர்கள் இவர்கள்.

மனித உரிமையும் வியாபாரமும் மோதினால் எது ஜெயிக்கும்?

டச்சுக்காரர்களே தங்கள் வெளியுறவைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஜோடி உண்டு: வியாபாரியும் பாதிரியாரும். ஒருவர் விற்கப் பார்ப்பார், மற்றவர் உபதேசம் செய்வார். பெரும்பாலும் வியாபாரிதான் ஜெயிப்பார் என்பது வழக்கமான கிண்டல். பதிவைப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை.

1973 போரில் இஸ்ரேல் பக்கம் சாய்ந்ததற்காக, அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவோடு சேர்த்து நெதர்லாந்துக்கும் எண்ணெய் தடை விதித்தன. ராட்டர்டாமின் உயிரே எண்ணெய்தான். கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நவம்பரில் வந்தன. நெடுஞ்சாலைகளில் சைக்கிளும் குதிரையும் போயின. அரசு வெளிப்படையாகப் பின்வாங்கவில்லை.

1991இல் கிழக்குத் திமோரின் டிலி நகரில் இந்தோனேசியப் படை ஊர்வலத்தின்மேல் சுட்டது. வளர்ச்சி உதவி அமைச்சர் யான் பிராங்க் உதவியை நிறுத்திக் கண்டித்தார். இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ என்ன செய்தார் தெரியுமா? 1992 மார்ச்சில், உங்கள் உதவியே எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்னாள் காலனியிடம் உபதேசம் செய்யப்போய் வாங்கிக்கட்டிக்கொண்ட கதை அது. வியாபாரம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

2003 இராக் படையெடுப்புக்கு நெதர்லாந்து படை அனுப்பவில்லை, ஆனால் அரசியல் ஆதரவு தந்தது. அந்தப் போருக்குச் சர்வதேச சட்டத்தில் போதுமான ஆதாரம் இல்லை என்று அரசே நியமித்த டேவிட்ஸ் குழு 2010இல் அறிக்கை கொடுத்தது. 90ஆம் பிரிவை வைத்துக்கொண்டு நட்புக்காக அதை மீறிய கதை. என்னைக் கேட்டால், அவர்களுடைய கொள்கை உண்மையில் தடுமாறுவது வியாபாரத்தின் முன்னால் அல்ல, அமெரிக்காவின் முன்னால்தான்.

காஸா போரில் அந்தத் தடுமாற்றம் நீதிமன்றத்துக்கே போனது. இஸ்ரேலுக்கு எஃப்-35 விமானப் பாகங்களை அனுப்பக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. முடிவெடுக்கும் அதிகாரம் அரசுடையது, ஆனால் உரிமத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. இடையில், 2025 ஆகஸ்டில், இஸ்ரேலுக்கு எதிராகக் கூடுதல் நடவடிக்கைக்கு அமைச்சரவையில் ஆதரவு கிடைக்காததால் வெளியுறவு அமைச்சர் காஸ்பர் வெல்ட்காம்ப் பதவி விலகினார்.

ஸ்ரெப்ரெனிகா பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவை, ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்த ஊரை, காத்து நின்றது டச்சுப் படைப்பிரிவு. ஆயுதமும் குறைவு, கேட்ட விமானத் தாக்குதல் உதவியும் போதுமான அளவு வரவில்லை. போஸ்னிய செர்பியப் படை ஊரைப் பிடித்து, சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. 2002இல் அரசு ஆய்வு அறிக்கை வந்ததும் பிரதமர் விம் கோக்கின் அமைச்சரவை மொத்தமாகப் பதவி விலகியது. தன் முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட 350 பேரின் மரணத்தில் அரசுக்கு 10 சதவீதப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. நல்லெண்ணம் மட்டும் கொண்டு படை அனுப்பக் கூடாது என்பது அன்று முதல் ஒவ்வொரு நாடாளுமன்ற விவாதத்திலும் வந்துவிடுகிறது. படை அனுப்புமுன் அரசு நாடாளுமன்றத்துக்கு விவரம் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 100ஆம் பிரிவு சொல்வதும் இந்தப் பின்னணியில்தான் இவ்வளவு கனமாகிறது. ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் படையை நீட்டிக்கலாமா என்ற சண்டையில் 2010இல் இன்னொரு அமைச்சரவை கவிழ்ந்தது.

ரஷ்யாவோடு உறவு எப்போது முறிந்தது?

மெதுவாக, பிறகு ஒரே நாளில். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இறந்த 298 பேரில் 196 பேர் டச்சுக்காரர்கள். ராணுவ பலத்தில் ரஷ்யாவை ஒன்றும் செய்ய முடியாத நாடு, தனக்குத் தெரிந்த வழியில் இறங்கியது: விசாரணை, வழக்கு, ஆதாரம். 2022 நவம்பரில் டச்சு நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்கள் யாரும் கையில் கிடைக்கவில்லை. 2025இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ரஷ்யாவைப் பொறுப்பாக்கியது.

எரிவாயு வியாபாரம் இதற்கிடையில் தொடர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1959இல் கண்டுபிடித்த க்ரோனிங்கன் வயலில் எரிவாயு எடுத்ததால் வீடுகள் நிலநடுக்கத்தில் விரிசல் விட, உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்து 2023 அக்டோபரில் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் இறக்குமதி கூடியது. 2022 படையெடுப்புக்குப் பிறகுதான் உண்மையான திருப்பம்: எம்ஸ்ஹாவனில் சில மாதங்களிலேயே திரவ எரிவாயு முனையம் வந்தது, உக்ரைனுக்கு 24 எஃப்-16 விமானங்கள் போயின.

ஏஎஸ்எம்எல் என்ற ஒரு கம்பெனி ஏன் வெளியுறவு விஷயமானது?

உலகின் மிக முன்னேறிய சிப்களை அச்சிட, அதிபுற ஊதா ஒளியைப் பயன்படுத்தும் இயந்திரம் வேண்டும். அதைச் செய்வது ஃபெல்ட்ஹோவன் என்ற ஊரில் இருக்கும் ஏஎஸ்எம்எல் மட்டும்தான். வேறு எங்கும் கிடையாது. அந்த இயந்திரம் சீனாவுக்குப் போகக் கூடாது என்று அமெரிக்கா நெருக்கியதில், 2019இல் டச்சு அரசு ஏற்றுமதி உரிமத்தைக் கொடுக்காமல் நிறுத்தியது. 2023 செப்டம்பர் முதல் அதற்கு அடுத்த நிலை இயந்திரங்கள் சிலவற்றுக்கும் உரிமம் தேவை என்று விதி வந்தது. 2024இல் அது விரிந்தது. அந்த விதியில் சீனா என்ற பெயரே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் உரிமம் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வியாபார நாட்டின் நாசூக்கு.

2024இல் ஏஎஸ்எம்எல் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சீனாவில்தான். ஆகவே இது காசு போகாத கொள்கை முடிவு இல்லை. யோசித்துப் பார்த்தால் நிலைமை விசித்திரமானது. நானூறு ஆண்டுகளாகத் திறந்த வியாபாரமே தன் பாதுகாப்பு என்று சொன்ன நாடு, இன்று எதை விற்கக் கூடாது என்பதால் முக்கியமாகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் இன்னொரு படி போனார்கள். சீன உரிமையாளரிடம் இருந்த நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தில், 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அரசு தலையிட்டது. சீனா உடனே தன் மண்ணிலிருந்து அந்த நிறுவனத்தின் சிப் ஏற்றுமதியைத் தடுத்தது. ஐரோப்பியக் கார் கம்பெனிகள் கலங்கின. நவம்பரில் அரசு தன் ஆணையை நிறுத்திவைத்தது. சின்ன நாடு பெரிய ஆட்டத்தில் கை வைத்தால் எவ்வளவு வேகமாகத் திருப்பி அடி விழும் என்பதற்கு அந்த இரண்டு மாதம் போதும்.

ஏழை நாடுகளுக்கு உதவி செய்வதில் அவர்கள் பெயர் பெற்றவர்கள் என்கிறார்களே?

பெயர் பெற்றிருந்தார்கள். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவிக்கு என்ற ஐ.நா. இலக்கை 1970களிலேயே எட்டி, பல பத்தாண்டுகள் காப்பாற்றிய சில நாடுகளில் ஒன்று. கடந்த பதினைந்து ஆண்டுகளில் அது தேய்ந்துவிட்டது. 2012 முதல் வெளிநாட்டு வர்த்தகத்துக்கும் வளர்ச்சி உதவிக்கும் ஒரே அமைச்சரைப் போட ஆரம்பித்தார்கள். டச்சு நலனுக்கு நேரடியாக உதவும் இடத்தில்தான் பணம் என்ற பேச்சு இப்போது வெளிப்படையாகவே நடக்கிறது.

விதிவிலக்காக இன்னும் மதிப்போடு நிற்பது தண்ணீர். நிலத்தில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நாட்டுக்கு அதில் அனுபவம் உண்டு; அந்த அனுபவம் விற்பனைக்கும் உண்டு. 2023 ஐ.நா. தண்ணீர் மாநாட்டைத் தஜிகிஸ்தானோடு சேர்ந்து நடத்தியது நெதர்லாந்து. டச்சு அரசு தொடங்கிய ஆசிய நகரத் தண்ணீர்த் திட்டத்தில் தேர்ந்தெடுத்த மூன்று நகரங்களில் சென்னையும் ஒன்று. பங்களாதேஷின் குல்னாவும் இந்தோனேசியாவின் செமராங்கும் மற்ற இரண்டு.

வரி ஏய்ப்புக்கு வழிவிடும் நாடு என்ற குற்றச்சாட்டு?

நியாயமான குற்றச்சாட்டு. பல நாடுகளோடு வரி ஒப்பந்தம் போட்டு, பன்னாட்டுக் கம்பெனிகளின் பணம் ஆம்ஸ்டர்டாம் முகவரி வழியாகப் போய்வர இடம் கொடுத்தார்கள். ஆள் இல்லாத, பெயர்ப்பலகை மட்டும் உள்ள ஆயிரக்கணக்கான கம்பெனிகள். ஒரு கையால் ஏழை நாட்டுக்கு உதவி, மறு கையால் அந்த நாட்டுக்கு வரவேண்டிய வரியில் ஓட்டை. 2021 முதல் குறைந்த வரி நாடுகளுக்குப் போகும் வட்டிக்கும் உரிமத்தொகைக்கும் அவர்கள் வரி பிடிக்கிறார்கள்.

கரீபியனில் என்ன வேலை?

அரூபா, குராசாவ், சின்ட் மார்ட்டன் மூன்றும் டச்சு முடியரசுக்குள் தன்னாட்சி உள்ள நாடுகள். பொனேர், சின்ட் யுஸ்டேஷியஸ், சாபா நேரடியாக நெதர்லாந்தின் பகுதி. அரூபா வெனிசுவேலா கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. வெனிசுவேலாவில் குழப்பம் வந்தால் தி ஹேக்கில் கூட்டம் நடக்கும்.

இந்தியாவுக்கும் நெதர்லாந்துக்கும் இவ்வளவு வியாபாரமா?

2022-23 நிதியாண்டில் அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அடுத்து இந்தியா அதிகம் ஏற்றுமதி செய்தது நெதர்லாந்துக்குத்தான். அவர்கள் அத்தனையையும் வாங்கிப் பயன்படுத்தவில்லை. அதில் பெரும்பகுதி டீசல் போன்ற பெட்ரோலியப் பொருள்; ராட்டர்டாமில் இறங்கி ஐரோப்பா முழுக்கப் போகிறது. ரஷ்யக் கச்சா எண்ணெயை நேரடியாக வாங்குவதை ஐரோப்பா நிறுத்திய பிறகு, இந்தியா அதை மலிவாக வாங்கிச் சுத்திகரித்து ஐரோப்பாவுக்கு விற்றது ஊரறிந்த விஷயம். உக்ரைனுக்கு விமானம் கொடுத்த நாட்டின் துறைமுகத்திலேயே அந்த டீசலும் இறங்கியது. மூன்றாம் நாட்டில் சுத்திகரித்தாலும் ரஷ்ய எண்ணெயிலிருந்து வந்த பொருள் வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் முடிவெடுத்து, 2026 ஜனவரி முதல் அமல் என்றது. இனி குஜராத்தின் ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் எந்தக் கச்சா எண்ணெயிலிருந்து வந்தது என்ற தாளைக் கேட்க வேண்டியது ராட்டர்டாம் சுங்க அதிகாரிகள்தான்.